மலைமிதிவண்டியும் மருத்துவர் சீட்டும்



ஐம்பது வயதைக் கடந்த ஆடவரின் வயிற்றுக்கும் அவர்தம் நல்லெண்ணங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஆண்டுதோறும் பெருகும். இரண்டையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதும் எளிது. நமக்கு அவ்வாறு ஒத்திவைக்க இடந்தராமல் மருத்துவர் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். உயரம் 168 சென்டிமீட்டர். எடை 84 கிலோ. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. இந்த நான்கு எண்களையும் எழுதிவிட்டு, ஐந்தாவதாக ஒரே ஒரு சொல்லை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: “மிதிவண்டி”.

எண்களின் பொருளை அறியாதார்க்குச் சிறிது விளக்குவோம். நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்டிர்க்கு 80க்குள்ளும் இருத்தல் நலம் என்பது மருத்துவர் கொண்டுள்ள கணக்கு. மேனாட்டாரைக் காட்டிலும் நமக்கு இவ்வளவு குறைத்து வைத்திருப்பதன் காரணம் யாதெனில், நம்மவர் உடலில் கொழுப்பு வயிற்றுப் பகுதியிலேயே மிகுதியாகத் தங்குகின்றது. மெலிந்த கை கால்களை உடையாருக்கும் உள்ளே சர்க்கரை நோய் வந்து குடிகொள்கின்றது. மூன்று மாதச் சராசரி 5.7ஐத் தாண்டினால் எச்சரிக்கை மணி, 6.5ஐத் தொட்டால் நோய் வந்தேவிட்டது. ஆக, நாம் நிற்பது வாசற்படியில்.

நடக்கலாமே என்று கேட்பீர்கள். நடந்தோம். வலது முழங்கால் நம்மைக் காட்டிலும் மூத்ததாகிவிட்டது போலும். அரை மணி நடந்தால் அரைநாள் வலிக்கின்றது. மிதிவண்டியில் உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு வரும் இடி குறையும் என்பது மருத்துவர் சொன்ன காரணம்.

இதனை ஒரு பத்திரிகைப் பக்கத்தில் எழுதுவானேன் என்பாரும் உளர். நம் மேசையின் மீது இரண்டு பதிவேடுகள் உள்ளன. ஒன்று திருமுழுக்குப் பதிவேடு; மற்றொன்று இறப்புப் பதிவேடு. இரண்டாவது ஏட்டில் வயது என்னும் கட்டத்தை நிரப்பும்போது அண்மைக் காலத்தில் நம் பேனா பன்முறை தயங்கி நின்றதுண்டு. 47, 52, 49 என்னும் எண்கள் அங்கே வருகின்றன. பக்கத்துக் கட்டத்தில் மாரடைப்பு என்னும் சொல். அவருள் ஒருவர் இரு பெண்மக்களின் தந்தை. வரும் தைமாதம் முதல் காலையில் நடக்கப் போகிறேன் சாமி என்று, கார்த்திகையில் நம்மிடம் சொன்னவர். தை பிறந்தபோது அவருடைய முப்பதாம் நாள் பூசையை நாம் நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். அவருடைய மூத்த மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கின்றாள்.

பழைய நாள்களில் குருக்களுக்கு இத்தகைய சீட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. நாம் இளங்குருவாய் உதவிப் பங்குத்தந்தையாகச் சென்ற முதற் பங்கில் எட்டுக் கிளைக் கிராமங்கள். வாகனம் என்று சொல்லத்தக்கது கருநிற மிதிவண்டி ஒன்றே. கேரியரில் பூசைப்பெட்டி, முன்னே உபதேசியார், பின்னே நாம். பதினான்கு கிலோமீட்டர் போய்ப் பூசை வைத்துவிட்டு, கூழோ கஞ்சியோ குடித்துவிட்டுத் திரும்புவோம். அக்காலத்தில் உடற்பயிற்சி என்று ஒன்றை எவரும் தனியாகச் செய்ததில்லை. வேலையே அதையும் செய்துவிட்டது. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது, கிளைக் கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்தது, கூட்டங்கள் வந்தன, கூட்டந்தோறும் நாற்காலியும் போண்டாவும் வந்தன.

உட்கார்ந்தே செய்யும் வேலை இதயத்துக்குப் பகை என்பதை முதன்முதலில் எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். அவர் ஆராய்ந்தது இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளை. ஒரே பேருந்தில் ஒரே சம்பள வட்டத்தில் இருவர்: ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார், நடத்துநரோ நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கிழிக்கிறார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்த போதிலும் அதனால் உடனே மாண்டவர் அவருள் குறைவு. 1953இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பை அன்று பலர் நம்பவில்லை. அஞ்சல் நிலையத்தில் அமர்ந்து எழுதும் எழுத்தரையும் நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசெல்லும் தபால்காரரையும் ஒப்பிட்டபோதும் அதே விடைதான் கிடைத்தது. நம் இல்லங்களில் ஓட்டுநர் யார், நடத்துநர் யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அம்மாதான் நடத்துநர்.

இனி, கடைக்குச் செல்வோம். பழைய கருநிற வண்டி ஒன்றைத் தேடிச் சென்ற நமக்கு அங்கே கண்ணைப் பறிக்கும் காட்சி காத்திருந்தது. யானைக்கால் போன்ற டயர்கள், அவற்றில் பலாப்பழத்து முள்களைப் போலக் குமிழ்கள், முன்சக்கரத்தின் இருபுறமும் வில் பொருத்திய தண்டுகள், இருபத்தொரு கியர்கள். விலை எட்டாயிரத்திலிருந்து தொடங்கி, நாம் எண்ணிப் பார்க்கவும் அஞ்சிய தொகைவரை சென்றது. கடைப் பையன் உற்சாகமாக, “ஃபாதர், இது மலைமேலேயே ஏறும்” என்றான். “தம்பி, நம்மூரில் மலை ஏது?” என்றோம். அவன் சற்றும் தயங்காமல், “ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறதே ஃபாதர்” என்றான். வணிகத்தில் அவன் உயர்வான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

மலைமிதிவண்டி என்னும் இவ்வகை எங்கே பிறந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் என்னும் மாவட்டம். அங்கே தமால்பையஸ் என்றொரு மலை. 1970களில் அவ்வூர் இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் வண்டிகளைப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து பொறுக்கியெடுத்து, அவற்றை மலையுச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து மண்பாதையில் கீழ்நோக்கி விட்டனர். 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் முறையாக ஒரு பந்தயமே வைத்துவிட்டனர். சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம்! மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. அடிவாரம் வருவதற்குள் அதன் உள்ளிருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கெனவே புதிய சட்டம் செய்தார்; கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்னும் இருவர் 1979இல் இவ்வண்டிகளை விற்கத் தொடங்கினர்; 1981இல் பெருந்தொகையாகத் தயாரித்த வண்டி சந்தைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம் பெற்றுவிட்டது.

ஆக, இவ்வண்டி பிறந்தது மலையிலிருந்து இறங்குவதற்கு. எடை குறைக்க வேண்டும் என்னும் கவலை அதைப் பெற்றவர்களுக்கு அறவே இருந்ததில்லை. மேல்நோக்கி மிதிப்பவர்களைக் காண விரும்பினால் இத்தாலி நாட்டுக்குச் செல்ல வேண்டும். கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ என்னும் செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு; மூச்சு வாங்கி ஏறிய பந்தய வீரர்கள் தாங்கள் ஓட்டிய வண்டிகளை அங்கே காணிக்கையாக வைத்திருக்கின்றனர். 1949இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் கிசால்லோ அன்னையை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். நம் வாசகருள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

எனில், சமவெளியில் வாழும் நமக்கு மலைமிதிவண்டி தேவையா? தார்ச்சாலையில் மட்டும் செல்வோர்க்குத் தேவையில்லை என்பதே நம் கருத்து. அந்தக் குமிழ் டயர் சேற்றையும் சரளையையும் கவ்விப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது; தாரில் அது ‘ஊம்’ என்று முனகிக்கொண்டே உழைப்பை உறிஞ்சும். விலை குறைந்த வண்டியில் உள்ள முன்வில்லோ இரண்டு கிலோ இரும்பு. நாம் மிதிக்கும் வலிமையில் ஒரு பங்கைத் தானே அமுங்கி எழுந்து தின்றுவிடும். உடலை வருத்தத்தானே போகிறோம், வண்டி கடினமாக இருந்தால் என்ன என்று வாதிடலாம். வாதம் சரியே. ஆயினும் ஒன்பது மணிக்கு அலுவலகம் சேர வேண்டியவர், வியர்வையில் நனைந்து இரண்டு நாள் பத்து நிமிடம் தாமதமாகச் சென்றாரென்றால் மூன்றாம் நாள் பேருந்தில் ஏறிவிடுவார். அதன்பின் வண்டி எதற்குப் பயன்படும் என்பதை நாம் இல்லச் சந்திப்புகளில் கண்டிருக்கின்றோம். துண்டு காயப்போட அதைவிட வசதியான கொடி கிடையாது.

நமக்கோ நிலைமை வேறு. நம் கிளைப்பங்கு ஒன்று ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாதி வழி தார். பாதி வழி ஏரிக்கரை மேல் சரளையும் வண்டித்தடமும். ஆகவே தடித்த டயரும், வேண்டாதபோது பூட்டிவிடக்கூடிய முன்வில்லும் உடைய வண்டியையே தெரிந்தெடுத்தோம். பின்சக்கரத்துக்கும் வில் வைத்த வண்டியைப் பையன் காட்டினான்; அது வேண்டாம் என்றோம். பழுதாகும் பாகம் எத்துணைக் குறைவோ அத்துணை நலம். விலை பதினெட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், வாங்குவோர் பட்டியலில் எந்த வரி போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்க. பணம் நம் தமையனார் கொடுத்தது. பங்குக் கணக்கில் இதன்பொருட்டு ஒரு காசும் எழுதப்படவில்லை. பங்குப் பேரவையார் அமைதி கொள்வார்களாக.

ஒன்றை முன்னரே கேட்டுவிடுங்கள். இவ்வண்டிகளுக்குப் பெரும்பாலும் கேரியர் இராது, சேறுகாப்பு இராது, சங்கிலிக்கு மூடி இராது, சில கடைகளில் ஸ்டாண்டுகூடத் தனிவிலை. பூசைப்பெட்டியோ காய்கறிப் பையோ கொண்டுசெல்ல நினைப்போர் கேரியர் பொருத்த இடமிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அங்கியணிந்த குருக்களுக்கும் வேட்டி கட்டுவோர்க்கும் திறந்த சங்கிலியைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கால்சட்டையோடு செல்கின்றோம். முதல் நாள் நம்மை அவ்வாறு கண்ட ஒரு பாட்டி சிலுவை வரைந்துகொண்டார்.

வண்டியின் உயரம் ஆளுக்கேற்றபடி அமைய வேண்டும். வண்டிக்கு இருபுறமும் காலூன்றி நின்றால் நடுத்தண்டுக்கும் உடலுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளியாவது வேண்டும். அடுத்தது இருக்கை. நம்மவர் பெரும்பாலோர், இரு பாதமும் தரையில் படும்படி இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கின்றனர். முழங்கால் முன்புறம் வலிப்பதற்கு அதுவே முதற்காரணம். இருக்கையில் அமர்ந்து, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அதுவே அளவு. முழங்காலின் பின்புறம் வலித்தால் இருக்கை மிக உயர்ந்துவிட்டது என்று பொருள்.

கியர் என்பது பலரை அச்சுறுத்தும் மறைபொருளாக உள்ளது. கணக்கு எளியது. முன்னே மூன்று பற்சக்கரம், பின்னே ஏழு, மூவேழ் இருபத்தொன்று. முன்னே 42 பல்லும் பின்னே 14 பல்லும் உள்ளவற்றில் சங்கிலி ஓடினால் ஒருமுறை மிதிக்கும்போது பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். வேகம் உண்டு, பாரமும் உண்டு. முன்னே 24, பின்னே 28 எனில் ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கூட முழுமையாகச் சுற்றாது. ஆமை வேகம், ஆனால் எந்த ஏற்றமும் ஏறும். எடை குறைக்க விரும்புவோர் பாரமான கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பது வீரம் போலத் தோன்றும். முழங்காலுக்கு அது ஆகாது. இலகுவான கியரில் நிமிடத்துக்கு எழுபது எண்பது சுற்று வரும்படி மிதிப்பதே முறை. நின்ற நிலையில் கியர் மாற்றாதீர். ஏற்றத்தில் முழுப்பலத்தோடு அழுத்தும்போதும் மாற்றாதீர். ஏற்றம் தொடங்குமுன்னரே மாற்றிவிடுக. டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்பது அதன் பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

நம்மூர்ப் பாதைகளுக்கு ஒரு தனித்துன்பம் உண்டு: சீமைக்கருவேல முள். மாரின் மாவட்டத்தார் கண்டறியாதது. தடித்த டயராயினும் அந்த முள்ளுக்கு அது வாழைத்தண்டே. முதல் மூன்று வாரத்தில் நான்கு பஞ்சர். பின்னர் டியூபுக்கும் டயருக்கும் இடையே தடித்த பட்டை ஒன்றை வைத்துத் தந்தார் நம் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர். அதன்பின் இதுவரை ஒன்றே ஒன்று. தலைக்கவசமும், பொழுது புலருமுன் செல்வோர்க்கு முன்விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம். நாய்களைப் பற்றி: மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலான நாய்கள் ஏமாற்றமடைந்து திரும்பிவிடுகின்றன.

இனி, உயிர் சார்ந்த செய்தி. நாற்பதைக் கடந்தோரும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உடையோரும், பல ஆண்டு உடலை அசைக்காதோரும் வண்டிக் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்க. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ஓட்டும்போது பக்கத்தில் வருபவரோடு பேச இயல வேண்டும், ஆனால் பாட்டுப் பாட இயலக் கூடாது. அதுவே நடுத்தர உழைப்பின் அடையாளம் என்பர். (பாடற்குழுவினர் இவ்விதியைத் தமக்குச் சாதகமாக வளைக்காதிருப்பார்களாக.) உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறியின்படி வளர்ந்தோர்க்கு வாரம் ஒன்றுக்கு 150 முதல் 300 நிமிடம் இத்தகைய உழைப்பு வேண்டும். நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும். நெஞ்சில் இறுக்கமோ, இடக்கையிலும் தாடையிலும் பரவும் வலியோ, காரணமில்லாத குளிர்வியர்வையோ கண்டால் அக்கணமே நிறுத்துக. வாயுப்பிடிப்பு என்று எண்ணி இஞ்சிச்சாறு குடித்துவிட்டுப் படுத்தவர்களின் பெயர்கள் அந்த இரண்டாம் ஏட்டில் உள்ளன. 108ஐ அழையுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்போர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். உழைப்பினால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வருவதுண்டு.

மிதித்தால் மட்டும் எடை குறைந்துவிடும் என்று நம்புவோர் பலர். நம் எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி ஓட்டினால் செலவாவது ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பதோ சுமார் 7,700 கலோரி. திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் இரண்டு வடை உண்டால் மிதித்தது முழுதும் வட்டியின்றித் திரும்பி வந்துவிடும். இங்கேதான் வாசகக் குடும்பங்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உள்ளது. ஒரு மாலையில் பத்து இல்லங்களைச் சந்திக்கும் குருவானவர்க்குப் பத்து இல்லங்களிலும் மூன்று கரண்டி சர்க்கரையிட்ட காப்பி கிடைக்கின்றது. தட்டில் முறுக்கு, அதிரசம், மிக்சர். உண்ணாவிடில், சாமி நம் வீட்டில் கை நனைக்கவில்லை என்று அடுத்த ஞாயிறுவரை வருந்துவர். அந்த அன்பை நாம் அறிவோம். அதன் எடையையும் இப்போது அறிந்துள்ளோம். மோர் கொடுங்கள். வெறும் தண்ணீர் கொடுத்தாலும் ஆசீர்வாதம் குறையாது.

பெண்டிரைப் பற்றியும் ஒரு சொல். இல்லத்துக்கு ஒரு வண்டி வாங்கினால் அது தந்தைக்கும் மகனுக்கும் என்றே கணக்கிடப்படுகின்றது. சர்க்கரையும் அழுத்தமும் அன்னையரை விட்டு வைப்பதில்லை. அம்மாவைப் பேருந்து நடத்துநர் என்று மேலே குறிப்பிட்டோம். எனினும் குக்கரும் அரைவை இயந்திரமும் வந்தபின் அந்த மாடிப்படிகளும் குறைந்துவிட்டன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத்தந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஊரார் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் ஏறி ஓட்டினர். கல்லுடைப்போரும் செவிலியரும் ஆசிரியைகளும் அவருள் இருந்தனர். அவர்களால் இயன்றது நாற்பது வயது ஆசிரியைக்கு இன்று ஏன் இயலாது? சேலையோடு ஓட்ட, நடுத்தண்டு தாழ்ந்த வண்டிகள் மூவாயிரம் நாலாயிரத்துக்குப் பழையனவாகவே கிடைக்கின்றன. கியர் இல்லாவிடினும் குற்றமில்லை.

நம் நிலையைக் கேட்போர்க்கு: ஒன்பது வாரத்தில் 84 என்பது 81 ஆகியுள்ளது. இடுப்பில் ஒரு துளை உள்ளே வந்துள்ளது. சர்க்கரைச் சராசரியை அடுத்த மாதம்தான் மீண்டும் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மூன்று மாதக் கணக்கை மூன்று மாதம் முடியுமுன் பார்த்துப் பயனில்லை. வலது முழங்கால் அமைதியாயிருக்கிறது. சனிக்கிழமைதோறும் காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஏரிக்கரை வழியாகக் கிளைப்பங்குக்குப் புறப்படுகின்றோம். நம் பங்கைச் சேர்ந்த நால்வர் இப்போது உடன் வருகின்றனர். மூத்த உபதேசியார்க்கு வயது 71. கியரும் இல்லை, வில்லும் இல்லை. அவருடைய பழைய 24 அங்குலக் கருநிற வண்டியில் அவர் எப்போதும் முன்னால்தான் செல்கிறார். வர விரும்புவோர் வரலாம். காற்றடிக்கும் பம்பு நம்மிடம் உண்டு. பஞ்சர் ஒட்டும் பசையை அவரவர் கொண்டு வருக.